பன்னிரண்டு காசு எங்கே போகிறது?

வரி குறைந்துவிட்டது என்கிறார்கள். மேடை போட்டுச் சொல்கிறார்கள், பொன்னாடை போர்த்திச் சொல்கிறார்கள், மின்விசிறி சுழலும் மண்டபத்திலே, வெள்ளைத் துணி விரித்த மேஜைக்குப் பின்னே நின்று, படம் காட்டிச் சொல்கிறார்கள். கேட்டவர்கள் கைதட்டுகிறார்கள். தட்டட்டும்! வரி குறைந்ததற்கு வருந்துவார் உண்டா? நாமும் வரவேற்கிறோம். வரவேற்ற கையோடு ஒரு சிறு கேள்வி கேட்கிறோம்: குறைந்த வரி யார் மடியிலே விழுந்தது?

சேவைச் சங்கங்களை நாம் குறை கூற வரவில்லை. 1905-இல் சிகாகோ நகரத்து வழக்கறிஞர் பால் ஹாரிஸ் தொடங்கிய ரோட்டரியும், 1917-இல் மெல்வின் ஜோன்ஸ் தொடங்கிய லயன்சும் கடல் கடந்து வந்து, 1929-இல் சென்னையிலே ரோட்டரி காலூன்றி, இன்று தென்காசி, சங்கரன்கோவில், கோவில்பட்டி என்று நம் சிற்றூர்ப் பெருவீதிகள் வரை வேர் விட்டிருக்கின்றன. கண் சிகிச்சை முகாம் நடத்துகிறார்கள்; இரத்த தானம் திரட்டுகிறார்கள்; இளம்பிள்ளை வாதத்தை விரட்டச் சொட்டு மருந்துக்குத் துணை நின்றார்கள். நன்று. உறுப்பினர்கள் யார்? கடை வைத்திருப்போர், ஆலை வைத்திருப்போர், மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர். ஆகவே, பட்ஜெட் வந்தால் ஆடிட்டர் வருவார். வரி மாறினால் விருந்தும் விளக்கமும் ஒன்றாக நடக்கும். இது எங்கும் உள்ள வழக்கம்.

வரியைப் பற்றி ஊருக்கு விளக்குவது தவறல்ல, தேவையானது என்பதே நம் கட்சி. பம்பாயிலே நானி பல்கிவாலா 1958-இல் ஒரு ஓட்டல் அரங்கிலே பட்ஜெட் பற்றிப் பேசத் தொடங்கினார். கேட்க வந்த கூட்டம் அரங்கு கொள்ளாமல், பிரபோர்ன் கிரிக்கெட் மைதானத்துக்கே பேச்சை எடுத்துப் போக வேண்டியதாயிற்று. 1994 வரை அந்தப் பேச்சு நடந்தது. அவருடைய பொருளாதாரக் கொள்கை நம்முடையதல்ல. அவர் தனியார் தொழிலின் தளபதி, நாம் தாழ்ந்தோர் பக்கத்துத் தொண்டர்கள். ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: வரி போட்டவனைப் பார்த்து ஏன் போட்டாய் என்று கேட்டார் அவர். இன்றைய விளக்கக் கூட்டங்களிலே படிவத்தை எப்படி நிரப்புவது என்றுதான் கேட்கிறார்கள்.

என்ன சொல்கிறார் ஆடிட்டர்? சரியாகத்தான் சொல்கிறார். 2025 பிப்ரவரி பட்ஜெட்டின்படி, புதிய முறையைத் தேர்ந்தெடுத்தோருக்கு ஆண்டு வருமானம் 12 இலட்சம் வரை வருமான வரி இல்லை. சம்பளக்காரருக்கு நிலைக் கழிவு 75,000 சேர்ந்து 12,75,000 வரை இல்லை. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 819 பிரிவுகளை 536 பிரிவுகளாகச் சுருக்கி, 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறை நாளாகக் குறித்துப் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு-சேவை வரியிலே 12 விழுக்காடும் 28 விழுக்காடும் போய், பெரும்பாலான பொருள்கள் 5 அல்லது 18 என்ற இரண்டு படிகளுக்குள் வந்தன. ஆடம்பரக் கார் போன்றவற்றுக்கு 40. சோப்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய் எல்லாம் 18-லிருந்து 5-க்கு இறங்கின. அனைத்தும் உண்மை.

ஆனால், ஆண்டுக்குப் 12 இலட்சம் என்றால் மாதம் ஒரு இலட்சம். நம் திருவேங்கடத்திலே, கரிசல் காட்டு ஊர்களிலே, விடியற்காலை வேன் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாளே நம் அக்காள், நம் தங்கை, அவளை வைத்து இந்தச் செய்தியைப் படித்துப் பாருங்கள். அவள் வருமான வரி கட்டாதவள் என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். வரியே கட்டாதவளா? கைப்பேசிக்கு மாதா மாதம் பணம் போடுகிறாளே, அதிலே 18 விழுக்காடு. அது குறையவில்லை. அடுப்புக்கு எரிவாயு வாங்குகிறாளே, அதிலே 5 விழுக்காடு. வருமானத்துக்கு வரி கட்டாதவள், செலவு செய்யும் ஒவ்வொரு ரூபாயிலும் வரி கட்டுகிறாள். ரசீது கேட்கத் தெரியாத வரி. ரீபண்டு கிடைக்காத வரி. மண்டபத்திலே யாரும் பேசாத வரி!

அவள் கையாலே அடைக்கும் தீப்பெட்டியையே எடுத்துக் கொள்வோம். கணக்கு கண்ணெதிரே தெரியும்.

1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். வானம் பார்த்த பூமிக்கு அது வாழ்வளித்தது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, திருவேங்கடம் என்று பரவிற்று. தொழில் தழைக்கத் தொடங்கிய உடனே வரி வந்தது. வெள்ளையராட்சி 1934-இல் தீப்பெட்டிக்குக் கலால் வரிச் சட்டம் போட்டது. சுதந்திரம் வந்த பின்னும் வரி இருந்தது. ஆனால், ஒரு நீதியும் இருந்தது. சுவீடன் நாட்டு முதலாளிகளின் விம்கோ ஆலை இயந்திரத்திலே குவித்த தீப்பெட்டிக்கு ஒரு விகிதம். குடிசைத் தொழிலாகக் கையாலே செய்ததற்குக் குறைந்த விகிதம். ஆனைக்கும் ஆட்டுக்கும் ஒரே தீனி போடக் கூடாது என்ற அறிவு, அன்றைய அதிகாரிக்கும் இருந்தது.

2017 ஜூலையில் சரக்கு-சேவை வரி வந்தபோதும் அந்த வேறுபாடு ஒரு வகையிலே நின்றது: கையால் செய்ததற்கு 5, மற்றதற்கு 18. இடையிலே, பகுதி வேலைக்கு இயந்திரம் வைத்த சிறு ஆலைகள் 18-ல் சிக்கித் திண்டாடின; குறைக்கக் கேட்டார்கள்; நியாயமான கோரிக்கை. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லாவற்றுக்கும் 12 என்றார்கள். ஏன் 18-ஐ மட்டும் குறைக்கவில்லை? இயந்திரத்துக்கு 6 இறக்கி, கைத்தொழிலுக்கு 7 ஏற்றினார்களே, இதற்குப் பெயர் சீர்திருத்தம்! இப்போது 2025-இல் எல்லாவற்றுக்கும் 5. கைத்தொழில் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது; ஐந்தாண்டு அலைந்துவிட்டு, பழைய வீட்டுக்குத் திரும்பிய கதை. அந்த வீட்டிலே இருந்த பாதுகாப்பு மட்டும் இல்லை. கைக்கும் இயந்திரத்துக்கும் இருந்த வேறுபாடு அழிந்தது அழிந்ததுதான்.

சரி, 12 போய் 5 வந்ததே, அதன் பலன்? 1 ரூபாய்த் தீப்பெட்டி, 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாய் ஆயிற்று. அந்த 2 ரூபாய்க்குள்ளே வரி முழுமையாக ஏறியிருப்பதாக வைத்துக் கொண்டால், 12 விழுக்காட்டிலே வரி சுமார் 21 காசு. 5 விழுக்காட்டிலே 9½ காசு. மிச்சம் ஏறக்குறைய 12 காசு. அதாவது, தீப்பெட்டி 1 ரூபாய் 88 காசுக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்குமா? 88 காசுக்கு நாணயம் எங்கே? 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011 ஜூனோடு செல்லாதவை ஆகிவிட்டன. 50 காசு சட்டப்படி செல்லும்; பெட்டிக் கடையிலே நீட்டிப் பாருங்கள், கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்! ஆக, அடுப்பு மூட்டும் தாய்க்கு அந்தப் 12 காசு வராது. வரவே முடியாது.

வாங்குகிறவளுக்கு வராத காசு காற்றிலே கரைந்துவிடுமா? ஒரு பண்டலுக்கு 600 பெட்டி. பெட்டிக்குப் 12 காசு என்றால் பண்டலுக்கு 71 ரூபாய்க்கு மேலே. இது மேல்வரம்புக் கணக்கு என்பதை ஒத்துக் கொள்கிறோம். ஆலை விலை குறைவு, அங்கே வரியும் குறைவு. ஆனாலும் ஒரு தொகை இருக்கிறது அல்லவா? ஆலைக்காரர் கையிலே நின்றதா? வடநாட்டு மொத்த வியாபாரி விலையை அடித்துப் பேசி வாங்கிக் கொண்டாரா? பெட்டி அடைக்கும் பெண்ணின் கூலியிலே கால் பங்காவது சேர்ந்ததா? யார் கேட்பது?

கேட்பதற்கு ஒரு அமைப்பு இருந்தது, தோழர்களே! வரி குறைந்தால் விலையும் குறைய வேண்டும், குறைக்காமல் இலாபம் அடிப்பவனைத் தண்டிக்க வேண்டும் என்று சரக்கு-சேவை வரிச் சட்டத்திலேயே 171-ஆம் பிரிவு எழுதி, கொள்ளை இலாபத் தடுப்பு ஆணையம் வைத்தார்கள். 2022 டிசம்பரில் அந்த வேலையைப் போட்டி ஆணையத்திடம் தள்ளினார்கள். 2024 அக்டோபரில் தீர்ப்பாயத்திடம் தள்ளினார்கள். பிறகு, 2025 ஏப்ரல் 1 முதல் புதிய புகாரே வாங்குவதில்லை என்று கதவைச் சாத்தினார்கள். ஏப்ரலிலே கதவைச் சாத்திவிட்டுச் செப்டம்பரிலே வரியைக் குறைத்தார்கள்! பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு பாயசம் வந்த கதையை நாம் கேட்டிருக்கிறோம். பந்திக்குக் காவலாக இருந்தவனை அனுப்பிவிட்டுப் பாயசம் பரிமாறிய கதையை இப்போதுதான் காண்கிறோம்.

இன்னொரு முடிச்சு, ஆலைக்காரருக்கே உரியது. அவரை நாம் எதிரியாகக் கருதவில்லை. கடன் வாங்கித் தொழில் நடத்தும் சிறு முதலாளிதான் அவரும், மலிவு லைட்டரோடு மல்லுக்கட்டுகிறவர்தான். தீப்பெட்டிக்கு 5, ஆனால், மருந்துக்கான இரசாயனத்துக்கு 18, மெழுகுக்கு 18. வாங்கும்போது அதிகம் கட்டி, விற்கும்போது குறைவாக வசூலித்து, இடைப்பட்ட தொகையைத் திருப்பித் தாருங்கள் என்று விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். அதுவும் சரக்குக்குக் கட்டியது மட்டும்தான் திரும்பும். சேவைகளுக்குக் கட்டிய வரி திரும்பாது. சட்டம் அப்படித்தான், அது செல்லும் என்று 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பெரிய ஆலை காத்திருக்கும், வங்கி தாங்கும். பத்துப் பேரை வைத்து ஆபீஸ் நடத்துகிறவர் சனிக்கிழமைக் கூலிக்கு என்ன செய்வார்? இந்தக் கேள்வியையாவது ஆடிட்டரிடம் கேட்கலாம் அல்லவா, மண்டபத்து நண்பர்கள்?

கேட்கத் தயங்குகிறார்கள். தயக்கத்துக்குக் காரணமும் இருக்கிறது. அதைக் கோவையிலே கண்டோம்.

2024 செப்டம்பர் 11. ஒன்றிய நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் கோவைத் தொழில் துறையினரோடு கலந்துரையாடினார். அன்னபூர்ணா உணவகக் குழுமத்தின் சீனிவாசன் எழுந்தார். கொங்கு நாட்டுக்கே உரிய குறும்போடு பேசினார்: பன்னுக்கு வரி இல்லை, அதற்குள்ளே கிரீம் வைத்தால் 18 விழுக்காடு, வாடிக்கையாளர் பன்னையும் கிரீமையும் தனித்தனியே கொடு, நானே தடவிக் கொள்கிறேன் என்கிறாரே என்று. அவை சிரித்தது. ஆயிரம் பக்க அறிக்கை சொல்லாததை ஒரு பன் சொல்லிற்று! அடுத்து என்ன நடந்தது? அவர் அமைச்சரைத் தனியே சந்தித்து மன்னிப்புக் கேட்கும் காட்சி படமாக எடுக்கப்பட்டு நாடெங்கும் பரவிற்று. அது வெளியானதற்கு அமைச்சரின் கட்சியினுடைய அன்றைய மாநிலத் தலைவர் அண்ணாமலையே வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. ஓராண்டு கழிந்தது. 2025 செப்டம்பரிலே பேக்கரிப் பண்டங்கள் 18-லிருந்து 5-க்கு இறங்கின. சொன்னவர் சரியாகச் சொன்னார் என்று வரிப் பட்டியலே சான்று தந்தது. ஆனால், சொன்ன நாளிலே அவருக்குக் கிடைத்தது என்ன? அதைப் பார்த்த பிறகு, ஒரு சிற்றூர்ச் சங்கத்திலே எழுந்து நின்று கேள்வி கேட்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

இப்போது மூல முடிச்சுக்கு வருவோம். வரியை ஏற்றியது யார், இறக்கியது யார்?

பொது விற்பனை வரி என்பதை இந்தியாவிலே முதலில் கொண்டு வந்தது நம் சென்னை மாகாணம். 1939-இல், ராஜாஜி ஆட்சியிலே, மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடு செய்யக் கொண்டு வந்தார்கள். அந்த வரியை எதிர்த்தோர் உண்டு, ஆதரித்தோர் உண்டு. ஆனால், போட்டது சென்னைச் சட்டமன்றம், தவறென்றால் மாற்றுவதும் சென்னைச் சட்டமன்றம். ஊர்க்காரன் எம்.எல்.ஏ.-வின் சட்டையைப் பிடித்துக் கேட்க முடிந்தது. மாநில உரிமையை ஆராய 1969-இல் அமைத்த இராஜமன்னார் குழு 1971-இல் அறிக்கை தந்தபோது, மாநிலங்களுக்கு நிதி அதிகாரம் கூட வேண்டும் என்றது. கூடியதா? விற்பனை வரி என்ற ஒன்றாவது கையிலே இருந்தது. 2016-இன் 101-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் அதையும் பெரும்பாலும் எடுத்துக் கொண்டது. அன்று மாநிலங்களவையிலே அ.தி.மு.க. வெளிநடப்புச் செய்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்; இது ஒரு கட்சியின் வழக்கு அல்ல.

வரி மன்றத்திலே ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. சட்டமன்றம் உள்ள 31 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். கூட்டிப் பாருங்கள்: அத்தனை மாநிலங்களும் ஒரே குரலிலே கேட்டாலும் டில்லி தலையசைக்காமல் எதுவும் நடவாது. தமிழ்நாட்டுக்கு எடை எவ்வளவு? புதுச்சேரிக்கு எவ்வளவோ அவ்வளவு! வாக்கெடுப்பு நடப்பதே அபூர்வம். 2019 டிசம்பரில் லாட்டரிக்காக ஒரு முறை நடந்தது. மன்றத்தின் பரிந்துரை மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது, அறிவுரைதான் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆயினும், கையால் செய்யும் தீப்பெட்டிக்கு நாங்கள் வரியே வேண்டாம் என்கிறோம் என்று தமிழ்நாடு மட்டும் தனித்து நின்றால், அதன் கதி என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். 2022 ஜூனோடு இழப்பீடும் நின்றுவிட்டது. வரியைக் குறைத்த புகழ் டில்லிக்கு. குறைந்த வருவாயைக் கொண்டு பள்ளி நடத்தும் பொறுப்பும் மருத்துவமனை நடத்தும் பொறுப்பும் மாநிலத்துக்கு.

நன்மையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு வழியாகக் கேரளம் போகும் லாரி, வரிச் சோதனைச் சாவடியிலே மணிக்கணக்காகக் காத்துக் கிடந்த காலம் போயிற்று. ஒன்றின் மேல் ஒன்றாக வரி ஏறியதும் குறைந்தது. மறுக்கவில்லை. சாவடியை எடுப்பதற்குச் சட்டமன்றத்தின் அதிகாரத்தையும் சேர்த்து எடுக்க வேண்டுமா என்பதுதான் வழக்கு.

ரோட்டரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைச் செய்யுமுன்னும் நான்கு கேள்விகளால் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பார்கள். அமெரிக்கத் தொழிலதிபர் ஹெர்பர்ட் டெய்லர் 1932-இல், முழுகப் போன ஒரு நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த எழுதி வைத்தவை அவை. உண்மைதானா என்பது முதல் கேள்வி. சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் நியாயம்தானா என்பது இரண்டாவது. நல்ல கேள்விகள்! கூட்டந்தோறும் நினைவுபடுத்திக் கொள்ளும் அந்தக் கேள்விகளை, அதே கூட்டத்திலே விளக்கும் வரியின் மீது ஏன் போட்டுப் பார்க்கக் கூடாது? வரி குறைந்தது என்பது உண்மை. முதல் கேள்வியிலே தேறுகிறது. சம்பந்தப்பட்டவர் என்றால் யார்? மண்டபத்திலே அமர்ந்திருப்போர் மட்டுமா? குச்சி அடுக்கும் கையும் சம்பந்தப்பட்டதா, இல்லையா?

ஆகவே, நம் பகுதிச் சங்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வரி விளக்கக் கூட்டத்தை ஆபீஸ் வேன் ஊருக்குள் திரும்பிய பிறகு, மாலை ஏழு மணிக்கு மேல் வையுங்கள். ஆடிட்டரை அழையுங்கள், ஆலைக்காரரை அழையுங்கள், பெட்டி அடைக்கும் பெண்களிலே நாலு பேரையும், முன் வரிசை நாற்காலியிலே, அழைத்து உட்கார வையுங்கள். மேஜை மேலே பொன்னாடைக்குப் பக்கத்திலே இரண்டு ரசீது இருக்கட்டும். ஒன்று, 2025 செப்டம்பர் 21-க்கு முன்னே ஒரு பண்டல் தீப்பெட்டி போன விலைக்கு. மற்றொன்று, 22-க்குப் பின்னே போன விலைக்கு. அந்த இரண்டு வாரத்துக் கூலிச் சீட்டையும் அருகிலே வைத்து, ஆடிட்டரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.